ஊட்டி மலை ரயில்ல போறீங்களா? ஹில்குரோவ் ஸ்டேஷனை ஒழுங்கா பார்த்துட்டு வர்றது எப்படி

ஊட்டி ரயில்ல போறவங்க நிறைய பேர் ஜன்னல் சீட் கிடைச்சுதா, குகைக்குள்ள போகும்போது கத்துனோமா, அதோட சரி. நடுவுல வண்டி நின்னா "எதுக்குப்பா இங்க நிறுத்துறான்"னு உள்ளேயே உட்கார்ந்துடுவாங்க. என்னைக் கேட்டா மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி வரைக்கும் இருக்கிற 46 கிலோமீட்டர்ல தவறவே விடக்கூடாத இடம் ஹில்குரோவ்தான். குன்னூர் வரைக்கும் 1899-லயே ரயில் ஓட ஆரம்பிச்சாச்சு, அன்னைக்கு நீராவி இன்ஜினுக்குத் தண்ணி காட்ட எப்படி நிறுத்துனாங்களோ அதே வேலைக்குத்தான் இன்னைக்கும் அங்க வண்டி நிக்குது. பழசா இருக்குன்னு பூட்டி வச்ச ஸ்டேஷன் இல்லைங்க, இப்பவும் வேலை பார்க்குற ஸ்டேஷன்.

முதல்ல சரியான வண்டியைப் பிடிங்க. மேட்டுப்பாளையத்துல காலையில 7.10-க்கு கிளம்புற வண்டிதான் நீராவி இன்ஜின்ல மலை ஏறும், குன்னூர்-ஊட்டி நடுவுல ஓடுற மத்த வண்டியெல்லாம் டீசல், ஹில்குரோவ் குன்னூருக்குக் கீழ, மேட்டுப்பாளையம் பக்கம் இருக்கு, அதனால அதுல ஏறுனா ஹில்குரோவ் பக்கமே போகாது. ஐஆர்சிடிசி-ல ரிசர்வேஷன் திறந்த உடனே போட்டுருங்க, சீட் கம்மி, லீவு சீசன்ல சட்டுனு தீந்துடும். சென்னையில இருந்து வர்றவங்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி, விடியக்காலையில மேட்டுப்பாளையம் வந்துடும், அங்கேயே மாறிக்கலாம்.

அடுத்து எந்தப் பெட்டின்னு யோசிங்க. மலை ஏறும்போது இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளிட்டுப் போகும், அதனால முன்னாடி பெட்டியில வழி நல்லா தெரியும், பின்னாடி பெட்டியில இன்ஜின் சத்தம் காதுக்குப் பக்கத்துலயே கேட்கும். ஹில்குரோவ்ல இறங்கி இன்ஜினைப் பார்க்கணும்னா பின்னாடி பெட்டிதான் நல்லது, ஏன்னா வண்டி அங்க ரொம்ப நேரம் நிக்காது, முன்னாடி இருந்து நடந்து வர்றதுக்குள்ள பாதி நேரம் போயிடும்.

ஹில்குரோவுக்கு முன்னாடி வர்ற கல்லார் ஸ்டேஷன் தாண்டுனதும் தண்டவாளத்துக்கு நடுவுல பாருங்க, ரெண்டு பல்லு பட்டை பக்கத்துல பக்கத்துல ஓடும், ஒண்ணோட பல்லுக்கு நேரா இன்னொண்ணுல பள்ளம் இருக்கும், அதனால இன்ஜினோட பல்சக்கரம் எப்பவும் எதையாவது கவ்விட்டேதான் இருக்கும். 12 அடி போனா கிட்டத்தட்ட 1 அடி ஏறுற சரிவு, வெறும் சக்கரத்தை நம்பி ஏற முடியாது. இதுக்கு ஆப்ட் முறைன்னு பேரு, குன்னூர் வரைக்கும்தான் இது.

ஹில்குரோவ்ல வண்டி நின்ன உடனே கடைப் பக்கம் ஓடாதீங்க, முதல்ல இன்ஜின். தண்ணிக்குழாயை இழுத்து இன்ஜினோட பக்கவாட்டுத் தொட்டியில விடுவாங்க, நிரம்பி வழியறது வரைக்கும் பார்க்கலாம். அப்புறம் சிலிண்டரைக் கவனிங்க, அதாவது நீராவி உள்ள போய்த் தண்டைத் தள்ளுற உருளை, ஒரு பக்கத்துக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு இருக்கும். கீழ இருக்கிறது சாதாரண சக்கரத்தை ஓட்டும், அதுல வேலை முடிச்ச நீராவியே மேல போய் பல்சக்கரத்தைச் சுத்த வைக்கும். வண்டி கிளம்பும்போது ரெண்டோட தண்டும் எதிர் எதிர் திசையில ஆடுறதைப் பார்த்தீங்கன்னா அசந்துடுவீங்க, இதை மட்டும் போட்டோ எடுக்காம வீடியோ எடுங்க. இந்த இன்ஜின் வகைக்கு எக்ஸ் கிளாஸ்னு பேரு, அதுல பழசு சுவிட்சர்லாந்துல வின்டர்தூர்ல செஞ்சது, புதுசு நம்ம திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப்ல செஞ்சது, எதுன்னு அங்க இருக்கிற ஸ்டாஃப் கிட்ட பொறுமையா கேட்டா சொல்லுவாங்க, ஆனா அவங்க வேலைக்குக் குறுக்க நிக்காதீங்க.

இன்ஜின் பார்த்தாச்சுன்னா ஸ்டேஷன் கட்டடம், பெயர்ப்பலகை, அப்புறம் டீ. குரங்கு ஜாஸ்தி, கையில பிஸ்கட் பாக்கெட்டோட இறங்குனா பறிச்சுட்டுப் போயிடும், தின்பண்டத்தை பைக்குள்ள ஜிப் போட்டு வைங்க, பாவம்னு போடவும் போடாதீங்க. விசில் அடிச்சா பேச்சே கிடையாது, நேரா பெட்டிக்கு வந்துடுங்க. தண்டவாளத்துல நடந்து வந்து ஸ்டேஷன் பார்க்கலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, அது சட்டப்படி குற்றம், யானை நடமாடுற காடு வேற.

குன்னூர்ல நீராவி இன்ஜினைக் கழட்டிட்டு டீசல் மாட்டுவாங்க, வண்டி கொஞ்சம் பின்னாடி வந்துட்டுத்தான் ஊட்டிப் பக்கம் திரும்பும், அதையும் இறங்கி நின்னு பாருங்க.

அக்டோபர், நவம்பர், டிசம்பர்ல வடகிழக்குப் பருவமழையில மண்சரிவு வந்து மேட்டுப்பாளையம்-குன்னூர் வண்டியை அப்பப்போ ரத்து பண்ணுவாங்க. அந்த மாசத்துல போறதா இருந்தா முந்தின நாளே ஒருதடவை செக் பண்ணிட்டு, பஸ்ல போற மாதிரியும் ஒரு பிளான் வச்சுக்கோங்க.