குயில் ஓயும் நாளைக் குறித்து வைப்பது எப்படி?

பறவை பார்க்க வேடந்தாங்கல்வரை போக வேண்டியதில்லை. கோடை முடியும் ஆனி, ஆடி மாதங்களில் தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ உங்கள் தெருமுனை வேப்பமரமே போதும். பைனாகுலரும் வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: காக்கைக்கூடு உள்ள மரமாகப் பாருங்கள். காலை ஏழு மணிக்குள் அரை மணி நேரம் நின்றால் போதும். அதற்குமேல் லாரிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது.

படி 2: காதால் தொடங்குங்கள். ‘குக்கூ, குக்கூ’ என்று சுருதி ஏறிக்கொண்டே போனால் அது ஆண் குயில், கன்னங்கரேல் என்றிருக்கும். ‘கிக் கிக் கிக்’ என்று பதறுவது பெண் குயில். பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் இருப்பதால் அதையும் குயில் என்று நம்ப எனக்கே வெகுநாள் ஆயிற்று.

படி 3: கூட்டைத் தள்ளி நின்று கவனியுங்கள். அருகில் போனால் காக்கை தலையில் கொத்தும். நம் பகுதிக் கூடுகளில் சுள்ளியோடு கம்பித் துண்டுகளும் செருகியிருக்கும். பெண் குயில் முட்டையிடுவது அங்கேதான். குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுகளுக்கு முன்பே பொரிந்து, ஊட்டும் இரையில் முந்திக்கொள்கிறது. கூட்டைவிட்டு வந்த பிறகும், நீண்ட வாலுடன் கிளையில் உட்கார்ந்து வாய் பிளந்து கத்தும். காக்கை ஓடி ஓடி ஊட்டும். இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறுநாளும் அதே மரத்தடிக்கு வருவார்கள்.

படி 4: வேப்பம்பழம் மஞ்சளாகி உதிரும் தேதியையும், அதைத் தின்ன மைனா, காக்கை, குயில் எவை வருகின்றன என்பதையும் எழுதுங்கள்.

படி 5: புதிதாக வருவதை எல்லோரும் எழுதுவார்கள்; நின்றுபோவதை நீங்கள் எழுதுங்கள். குயில் ஒரே நாளில் ஓயாது. கூவல் நாளுக்கு நாள் குறையும். ஆகவே கேட்காத நாளிலும் ‘இன்று இல்லை’ என்று குறியுங்கள். அந்த வரிகள் இல்லாவிட்டால் கடைசிக் கூவல் எது என்று பிறகு தெரியாது.

படி 6: ஆவணி பிறந்ததும் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூர் சென்று, அங்கிருந்து முகத்துவாரம் போய்வாருங்கள். ஓதம் இறங்கும், அதாவது கடல்நீர் வற்றும் நேரத்தை மீனவர்களிடம் கேளுங்கள். சேறு வெளிப்பட்டால் வடக்கிலிருந்து வந்த உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் இரை தேடும். 2023 டிசம்பரில் எண்ணெய் படர்ந்து, கூழைக்கடாக்களின் சிறகெல்லாம் கறுத்த கழிமுகம் இது. அதனால் இங்கே காணும் ஒவ்வொரு பறவையையும் எண்ணி எழுதுகிறேன். வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் செந்நிறம் இன்னும் திட்டுத்திட்டாக மிச்சமிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இனப்பெருக்கக் காலத்து இறகு. அந்தத் தேதியைக் குயில் ஓய்ந்த தேதிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.