ஃபைபர் கனெக்டர்: பார்க்காமல் துடைக்காதீர்கள்

தகவலை ஒளியாகக் கொண்டுசெல்லும் கண்ணாடி இழைதான் ஃபைபர்; அதன் முனையில் இருக்கும் இணைப்பான் கனெக்டர். சிங்கிள் மோட் என்ற வகை ஃபைபரில் ஒளி ஓடும் நடுப்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான். கண்ணில் படாத ஒரு தூசு அதை மறைத்துவிடும். அதைவிட மோசம், தூசோடு கனெக்டரை அடாப்டரில் (இரு கனெக்டர்களை எதிரெதிரே இணைக்கும் துண்டில்) செருகுவது. இரு முனைகளுக்கும் இடையே தூசு நசுங்கிக் கண்ணாடியில் குழி விழும். பிறகு துடைத்துப் பயனில்லை.

முதலில் லேசரை அணையுங்கள். எதிர்முனையிலிருந்தும் ஒளி வரும் என்பதால் அங்கேயும் அணைக்க வேண்டும். 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே 'வெளிச்சம் இல்லை' என்று நம்பி முனைக்குள் பார்க்கக் கூடாது. ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, 200 அல்லது 400 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பில் (நுண்ணோக்கியில்) முனையைப் பாருங்கள். திரையில் காட்டும் வீடியோ ஸ்கோப் கண்ணுக்குப் பாதுகாப்பானது. சுத்தமாக இருந்தால் தொடவே வேண்டாம். தேவையில்லாத துடைப்பு புதுத் தூசைத்தான் கொண்டுவரும். மூடி போட்டிருந்ததால் சுத்தமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மூடி கீறல் விழாமல் காக்கும், அவ்வளவுதான். அதன் உள்பக்கத் தூசும் பிளாஸ்டிக் எண்ணெய்ப் பசையும் முனையில் ஒட்டுவது சகஜம்.

அழுக்கு தெரிந்தால் உலர்துடைப்பில் தொடங்குங்கள். பேனா வடிவ கிளீனரில் கனெக்டர் வகைக்கேற்ற அளவு வேண்டும்: எல்சி கனெக்டருக்கு 1.25 மி.மீ., எஸ்சி, எஃப்சி, எஸ்டி கனெக்டர்களுக்கு 2.5 மி.மீ. நேராக வைத்து 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். துடைப்பு நாடா உள்ள கேசட்டில் துடைத்தால் ஒரே திசையில் ஒரு இழுப்பு. போன தடத்தில் திரும்பி இழுத்தால் எடுத்த அழுக்கே மறுபடி ஒட்டும். ஏபிசி வகைக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்ந்தது; அந்தச் சாய்வோடு பட்டால்தான் முழு முகமும் துடைபடும்.

இரண்டு முறை துடைத்தும் பசை போகவில்லையா? நூல் உதிராத துணியின் ஓரத்தில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சிறு துளி விட்டு, முனையை ஈரத்திலிருந்து உலர்ந்த பகுதிக்கு இழுங்கள். ஈரத்தோடு விட்டால் கரைந்த எண்ணெய் படலமாகக் காயும். 70 சதவீத ஸ்பிரிட்டும் சட்டை நுனியும் வேண்டாம்.

கேபிளின் முனையை மட்டும் துடைத்து அடாப்டருக்குள் இருக்கும் மறுமுனையை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதையும் துடைத்து, மீண்டும் ஸ்கோப்பில் பார்த்து, உடனே செருகுங்கள்.

மின் சிக்னலை ஒளியாக மாற்றும் எஸ்எஃப்பி மாடியூலுக்குள் ஆல்கஹால் ஊற்றக் கூடாது. உள்ளே போனது வெளியே வராது. உலர்துடைப்பு மட்டும். தூசு ஊதும் காற்று டப்பாவைச் சாய்த்து அடித்தால் திரவம் பீய்ச்சிக் கறை படியும். மாடியூலைத் தொடுமுன், உடலில் சேர்ந்த நிலைமின்னை வெளியேற்ற மணிக்கட்டில் கட்டும், 1 மெகாஓம் ரெசிஸ்டர் உள்ள ரிஸ்ட் ஸ்ட்ராப்பைப் பெயின்ட் இல்லாத சேஸிஸ் உலோகத்தில் மாட்டுங்கள். தவறி மின்சாரம் பட்டாலும் உடலில் பாயும் அளவை அந்த ரெசிஸ்டர் குறைக்கும். வெறும் கம்பி அதற்கு ஈடாகாது. சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழான நிலைமின் அதிர்ச்சி நமக்கு உறைக்காது. சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டே அதிகம். உடனே சாகாமல் மாதங்கள் கழித்துப் பழுதாவதும் உண்டு. தங்க முலாம் பூசிய முனைகளில் விரல் படாமல் பக்கவாட்டில் பிடியுங்கள். மாடியூலைக் கொண்டுபோக, நிலைமின்னைத் தடுக்கும் வெள்ளி நிறப் பையே சரி. இளஞ்சிவப்புப் பை வெளியிலிருந்து வரும் மின்னேற்றத்தைத் தடுக்காது.

எல்லாம் செய்தும் ஒளி இழப்பு குறையவில்லை என்றால் கனெக்டர் நிறத்தைப் பாருங்கள். பச்சை ஏபிசியை சாய்வில்லாத நீல யூபிசியோடு செருகியிருந்தால் எத்தனை முறை துடைத்தாலும் மீட்டர் மாறாது.