மெயிலில் வரும் பில்களை அவுட்லுக் மேக்ரோவே பெயர் வைத்துச் சேமிக்கட்டும்

அக்கவுன்ட்ஸ் பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. பில் அனுப்புகிறவர்களில் பலர் ஃபைலுக்கு "இன்வாய்ஸ்" என்று மட்டும்தான் பெயர் வைப்பார்கள், மற்றவர்கள் ஸ்கேனர் போட்ட நம்பரை அப்படியே விட்டுவிடுவார்கள். மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி போட வேண்டிய 20-ம் தேதி நெருங்கும்போது டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இன்வாய்ஸ் (1), இன்வாய்ஸ் (2) என்று வரிசையாக நிற்கும், எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். இந்த வேலையை அவுட்லுக் மேக்ரோவிடம், அதாவது அவுட்லுக்குக்குள்ளேயே நாம் எழுதி வைக்கும் ஒரு சின்ன புரோகிராமிடம், விட்டுவிடலாம். சேவ் செய்வதற்கு ஒரே ஒரு வரி போதும். யோசிக்க வேண்டியதெல்லாம் பெயரைப் பற்றித்தான்.

முதலில் உங்களிடம் எந்த அவுட்லுக் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் வரும் பழைய, அதாவது கிளாசிக் அவுட்லுக்கில் மட்டும்தான் இது ஓடும். நியூ அவுட்லுக்கில் மேக்ரோ கிடையாது, மேக் கம்ப்யூட்டரிலும் கிடையாது. அவற்றை வைத்திருப்பவர்கள் மைக்ரோசாஃப்டின் இன்னொரு தானியங்கிக் கருவியான பவர் ஆட்டோமேட் பக்கம் போக வேண்டியதுதான்.

ஆல்ட் + எஃப்11 அழுத்தினால் விஷுவல் பேசிக் எடிட்டர் திறக்கும். இன்செர்ட் மெனுவில் மாட்யூல் கொடுத்தால் எழுத ஒரு வெள்ளைப் பக்கம் வரும். எழுதுவதற்கு முன் பாதுகாப்பு விஷயத்தை முடித்துவிடுங்கள். நிறைய பேர் அவுட்லுக்கின் பாதுகாப்பு செட்டிங்குகள் இருக்கும் டிரஸ்ட் சென்டரில் போய் "எனேபிள் ஆல் மேக்ரோஸ்" கொடுக்கச் சொல்வார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆபீஸ் இன்ஸ்டால் ஆன ஃபோல்டரிலேயே செல்ஃப்செர்ட் என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கும். அதில் உங்கள் பெயரில் ஒரு சான்றிதழ் உருவாக்கி, எடிட்டரில் டூல்ஸ், டிஜிட்டல் சிக்னேச்சர் வழியாக அதைக் கையெழுத்தாகப் போட்டுவிடுங்கள். அப்புறம் கையெழுத்துப் போட்ட மேக்ரோ மட்டும் ஓடினால் போதும் என்ற செட்டிங்கிலேயே வேலை நடக்கும்.

இனி பெயர். நான் சொல்லும் வரிசை: தேதி, அனுப்பியவர், சப்ஜெக்ட், கடைசியில் ஃபைலின் பழைய பெயர். தேதியில் வருடம் முதலில் வரட்டும், 2025-04-07 என்று. பெயர் வாரியாக அடுக்கினாலே தேதி வாரியாக வந்துவிடும். நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து 7-ம் தேதி பில்களும் ஒன்றாகப் போய்ச் சேரும். இந்தத் தேதியை மெயிலின் "ரிசீவ்டு டைம்" என்பதிலிருந்து எடுங்கள். இந்த நிமிடத்தின் தேதியைத் தரும் "நவ்" போட்டால் போன மாத மெயிலை இன்று சேமிக்கும்போது இன்றைய தேதி விழும், பிறகு அந்தப் பெயரை நம்ப முடியாது.

அனுப்பியவர் விஷயம் கொஞ்சம் சிக்கல். "சென்டர் நேம்" எடுத்தால் ஒரே கம்பெனியில் இன்று ஒருவர், நாளை இன்னொருவர் அனுப்புவார். ஈமெயில் முகவரியில் "அட்" குறிக்குப் பின்னால் இருப்பதை எடுப்பது நல்லது, ஆனால் சின்ன வியாபாரிகள் பலரும் ஜிமெயிலில்தான் இருக்கிறார்கள். அதனால் வழக்கமாக அனுப்புகிறவர்களுக்கு ஒரு "செலக்ட் கேஸ்" எழுதி, இந்த முகவரி வந்தால் இந்தச் சுருக்கப் பெயர் என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் பிடிக்கிற வேலைதான், ஆனால் முழுப் பலனும் இதில்தான் இருக்கிறது.

சப்ஜெக்டை அப்படியே பெயரில் சேர்க்கக் கூடாது. விண்டோஸ் ஃபைல் பெயரில் 9 குறிகளை ஏற்காது: \ / : * ? " < > | ஆகியவை. பதில் மெயில் என்றால் சப்ஜெக்டில் முக்காற்புள்ளி இருக்கும், பில் நம்பரோ 124/24-25 என்று சாய்கோட்டோடு வரும். அந்தக் கோட்டை ஃபோல்டர் பிரிவு என்று எடுத்துக்கொண்டு மேக்ரோ பிழை காட்டி நின்றுவிடும். "ரிப்ளேஸ்" கொண்டு ஒவ்வொரு குறியையும் சின்னக் கோடாக மாற்றுங்கள். "லெஃப்ட்" கொண்டு சப்ஜெக்டை 40 எழுத்தில் வெட்டிவிடுங்கள், ஏனென்றால் ஃபோல்டர் பாதையும் சேர்த்து 260 எழுத்தைத் தாண்டினால் தகராறு.

மேக்ரோவின் உடம்பு இப்படிப் போகும். "ஆக்டிவ் எக்ஸ்ப்ளோரர்" என்று அடித்துப் புள்ளி வைத்து "செலக்‌ஷன்" எடுத்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த மெயில்கள் கிடைக்கும். "ஃபார் ஈச்" போட்டு ஒவ்வொன்றாகப் போங்கள். அது "மெயில் ஐட்டம்" தானா என்று "டைப்நேம்" வைத்துப் பார்த்துவிடுங்கள், மீட்டிங் அழைப்பும் நடுவில் இருக்கும். உள்ளே இன்னொரு "ஃபார் ஈச்", அது அட்டாச்மென்ட்களுக்கு. அங்கே ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் எக்ஸ்டென்ஷனைப் பார்த்து பிடிஎஃப்பும் எக்செல்லும் மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் கம்பெனி லோகோ படங்களெல்லாம் பில்லோடு சேர்ந்து வந்து குவியும். பில்லை ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் இருந்தால் ஜேபிஜியையும் சேர்த்து, "சைஸ்" 50,000 பைட்டுக்கு மேல் இருந்தால் மட்டும் என்று வையுங்கள். கடைசியாக "சேவ் ஆஸ் ஃபைல்", முழுப் பாதையோடு.

அந்த வரிக்கு முன்னால் கட்டாயம் ஒரு சோதனை வேண்டும். அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் "சேவ் ஆஸ் ஃபைல்" கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும், பழைய பில் போய்விடும். இருக்கிறதா என்று பார்க்க "டிர்" போடச் சொல்வார்கள். தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் வருமென்றால் அது வேண்டாம்: சாதாரண விண்டோஸ் செட்டிங்கில் தமிழ் எழுத்துகள் அதற்குக் கேள்விக்குறியாகத்தான் போகும், கேள்விக்குறி என்றால் "எந்த எழுத்தும்" என்று அது எடுத்துக்கொண்டு தப்பான பதில் சொல்லும். "ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட்" என்பதில் உள்ள "ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" தமிழைச் சரியாகப் படிக்கும். இருந்தால் பெயரின் கடைசியில், எக்ஸ்டென்ஷனுக்கு முன்னால், _2 சேருங்கள். எடிட்டருக்குள்ளும் தமிழ் அடித்தால் கேள்விக்குறிதான் விழும், அதனால் சேமிக்கிற ஃபோல்டருக்கு ஆங்கில எழுத்தில் பெயர் இருக்கட்டும்.

எழுதியதும் நாலைந்து மெயிலைத் தேர்ந்தெடுத்து எஃப்8 அழுத்தி வரிவரியாக ஓட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் மேலே குவிக் ஆக்சஸ் டூல்பாரில் ஒரு பட்டனாக வைத்துக்கொள்ளலாம். பலருக்கு இதுவே போதும்.

தானாகவே நடக்க வேண்டும் என்றால், வரும் மெயிலைத் தானாகப் பிரித்து வைக்கும் ரூல்ஸில் இருந்த "ரன் எ ஸ்கிரிப்ட்" வசதியை 2017-ல் வந்த பாதுகாப்பு அப்டேட்கள் மறைத்துவிட்டன, விண்டோஸின் உள் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் தொட்டால்தான் திரும்ப வரும். அதைத் தொடாமலே முடிக்கலாம். இன்பாக்ஸுக்குக் கீழே பில்களுக்கென்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, தெரிந்த முகவரிகளிலிருந்து வருவதை மட்டும் ஒரு ரூல் அங்கே நகர்த்தட்டும். பிறகு "திஸ் அவுட்லுக் செஷன்" பக்கத்தின் உச்சியில் "வித் ஈவென்ட்ஸ்" என்று ஒரு மாறியை அறிவித்து, "ஸ்டார்ட்அப்" நிகழ்வில் அந்த ஃபோல்டரின் "ஐட்டம்ஸ்" தொகுப்பை அதில் வையுங்கள்; புதிதாக மெயில் விழும்போதெல்லாம் "ஐட்டம் ஆட்" ஓடும். இன்பாக்ஸ் மேலேயே இதை வைக்காதீர்கள், முகம் தெரியாதவர் அனுப்பும் ஃபைலெல்லாம் உங்கள் டிஸ்கில் வந்து இறங்கிவிடும்.

ஒரே நேரத்தில் நிறைய மெயில் வந்து விழுந்தால் "ஐட்டம் ஆட்" ஓடாமல் போகும், அவுட்லுக் மூடியிருக்கும்போது மேக்ரோவும் தூங்கும். அதனால் திங்கட்கிழமை காலையில் அந்த ஃபோல்டரை முழுசாகத் தேர்ந்தெடுத்து ஒருமுறை பட்டனை அழுத்துங்கள். இரண்டு முறை சேமிக்காமலிருக்க, சேமித்து முடித்த மெயிலுக்கு "கேட்டகரீஸ்" வழியாக ஓர் அடையாளம் போட்டு அந்த மெயிலையும் "சேவ்" செய்யுங்கள், அடையாளம் உள்ளதை மேக்ரோ தாண்டிப் போகட்டும்.

எழுதியதெல்லாம் "விபிஏ புராஜெக்ட்.ஓடிஎம்" என்ற ஒற்றை ஃபைலில், விண்டோஸில் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதியில் மைக்ரோசாஃப்ட், அவுட்லுக் என்ற ஃபோல்டர்களுக்குள் இருக்கும். கம்ப்யூட்டர் மாற்றும் முன் அவுட்லுக்கை மூடிவிட்டு அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.