வலைப்பந்தாட்டத்தில் சேர்ந்த பின் வாசிப்பை மீட்ட விதம்

பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் சேர்ந்த பிறகு, மாலைப் பயிற்சி முடிந்து குளித்துவிட்டுப் புத்தகத்தை விரித்தால் இரண்டாம் பக்கத்திலேயே கண் சொருகியது; யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இரவல் எடுத்த நாவல், திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தும் பாதியிலேயே நின்றது. விளையாட்டை விட்டுவிடும்படி உறவினர் சிலர் கூறினார்கள். அதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை.

ஆகவே வாசிப்பை விடியற்காலைக்கு மாற்றி, நாவலுக்குப் பதிலாக ஒரே இருப்பில் முடிக்கக்கூடிய சிறுகதைத் தொகுப்புகளை எடுத்தேன். ஒவ்வொரு கதையையும் வாசித்தவுடன், அதன் முக்கிய பாத்திரம் ஏன் அந்த முடிவை எடுத்தது என்று கொப்பியில் சில வரிகள் எழுதுவேன். வாசிப்பை நிலைக்கச் செய்தது இந்தக் குறிப்பெழுதும் பழக்கமே என்பது என் உறுதியான எண்ணம்.

அது ஆடுகளத்திலும் உதவியது. வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓட முடியாது, 3 விநாடிக்குள் எறிந்துவிடவும் வேண்டும். கோல் வட்டத்துக்குள் நுழைய அனுமதியில்லாத சென்டர் நிலையில் ஆடும் நான், பந்து கைக்கு வருமுன்பே வட்டத்துக்குள் நிற்பவர் எப்பக்கம் நகர்வார் என்று ஊகித்தாக வேண்டும். பிறர் மனத்தைக் கவனித்து வாசித்த பழக்கத்தால் அந்த ஊகம் எனக்கு விரைவாக வருகிறது. நாவல்களைத் தவணை விடுமுறைக்கென ஒதுக்கியிருக்கிறேன்.