பிரேக் பெடல் இறுகிவிட்டதா?

டர்போ டீசல் பிக்கப்பில் பிரேக் பெடல் திடீரென இறுகிப்போனால் பிரேக் பேடை மாற்ற ஓடாதீர்கள். நாம் மிதிக்கும் அழுத்தத்தை வெற்றிடத்தின் உதவியால் கூட்டித் தரும் பாகம்தான் பூஸ்டர்; வெற்றிடம் குறைந்தால் பெடல் இறுகும். அந்த வெற்றிடத்தை டீசல் வண்டியில் தனி வேக்குவம் பம்ப்தான் தருகிறது. சில வண்டிகளில் அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பின்பக்கமே இருக்கும்.

ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை அணையுங்கள். பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். அப்புறம் மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கிறது. அசையவே இல்லையா? முதலில் பம்பிலிருந்து பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸில் விரிசல் இருக்கிறதா, ‘உஸ்’ சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து ஒருவழி வால்வு, பம்ப். இவற்றைப் பார்க்காமலே பூஸ்டரை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அது வீண் செலவாகலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு: இறுகிய பெடலோடு வண்டியை ஓட்டிப் போகாமல், மெக்கானிக்கை வரவழையுங்கள்.