சிவாலய ஓட்டப் பாதை: அம்புக்குறி போடும் முறையும் வழிப் பராமரிப்பும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் 12 சிவாலயங்களின் வழி நூறு கிலோமீட்டரைத் தாண்டும். மகா சிவராத்திரியை ஒட்டி, இரவு முழுக்க, பெரும்பாலும் வெறுங்காலோடு ஓடுகிற வழி இது. வருஷா வருஷம் வருகிற கோவிந்தன்மாருக்கு (ஓடுகிற பக்தர்களை இப்படித்தான் சொல்வோம்) போர்டே வேண்டாம், கால் தானாகத் திரும்பும். இராத்திரி இரண்டு மணிக்கு, கூட்டத்தை விட்டுப் பிந்தி, முதல் தடவையாகத் தனியே வருகிறவருக்குத்தான் குறி போடுகிறோம். அளவு, உயரம், இடம் எல்லாவற்றையும் அவரை வைத்தே முடிவு செய்யுங்கள்.

முதலில் எண், பிறகுதான் பெயர். ஒன்பதாவது திருவிடைக்கோடு, பத்தாவது திருவிதாங்கோடு. ஓட்டத்தில் இருக்கிறவர் ‘திருவி’ வரைக்கும் வாசித்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஆறாவது பன்னிப்பாகத்துக்கும் பதினொன்றாவது திருப்பன்றிக்கோட்டுக்கும் இதே குழப்பம் உண்டு. அதனால் அம்புக்குப் பக்கத்தில் அடுத்த கோயிலின் எண்ணை 10 செ.மீ. உயரத்தில் எழுதுங்கள், 30 மீட்டரிலேயே தெரியும். பெயர் அதற்குக் கீழே சின்னதாக இருந்தால் போதும். ஒரே ரோட்டில் கோயிலுக்குப் போய் அதே ரோட்டில் திரும்பி வருகிற இடங்களில் எண் இல்லாத அம்பு ஆளைச் சுற்ற விட்டுவிடும்.

பைக்கிலும் வேனிலும் போகிறவர்களும் இந்தக் குறிகளைத்தான் பார்க்கிறார்கள். சானல் (கால்வாய்) கரை, ரப்பர் விளை (தோட்டம்) வழியான குறுக்குப் பாதைகளில், நடந்து போகிறவருக்கு மட்டும் என்று தெரிய, அம்புக்குள் ஒரு பாதம் வரையுங்கள். இல்லையென்றால் வேன் ஒன்று சானல் கரையில் மாட்டி, பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான்.

ஒரு சந்திக்கு மூன்று குறி: திரும்புவதற்கு 15 மீட்டர் முன்னால் ஒன்று, திருப்பத்தில் ஒன்று, திரும்பி 20 மீட்டர் போனதும் ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சரியான வழியில்தான் போகிறோம் என்று அதுதான் சொல்லும். அது இல்லாதபோதுதான் ஆட்கள் திரும்பி வருகிறார்கள். நேர்வழியில் 250 மீட்டருக்கு ஒன்று போதும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதையில் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் வெறும் வெள்ளைக் கோடுதான்; இரண்டு கோடு ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால் திருப்பம் வருகிறது என்று பொருள். குறி ஒரே மாதிரி இருந்தால் சின்னதே போதும்.

பெயின்ட் அடிக்கத் தை மாதம் நல்லது. வடகிழக்கு மழை ஓய்ந்து சுவர் காய்ந்திருக்கும். பாசி பிடித்த சுவரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயில் காணவிட்டு அடியுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் எனாமல் நேராக அடித்தால் அடுத்த மழையில் சுண்ணாம்போடு சேர்ந்து பாளம் பாளமாக உரியும். சிமென்ட் தெரியும்வரை சுரண்டி, பிரைமர் ஒரு கை, மஞ்சள் எனாமல் இரண்டு கை. பழைய எக்ஸ்ரே பிலிமில் 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலத்தில் அம்பை வெட்டிக்கொண்டால் நல்ல அச்சு. பிரஷ் வேண்டாம், பிலிமுக்கு அடியில் பெயின்ட் கசியும். ஸ்பாஞ்சில் குறைவாகத் தொட்டு ஒற்றி எடுங்கள். ஒரு லிட்டரில், சிந்தல் போக, 70 அம்பாவது வரும்.

தரையில் வரைவதை நம்பாதீர்கள். ரப்பர் இலை உதிர்வது சிவராத்திரிக்கு முந்திய வாரங்களில்தான். இன்றைக்குப் பெருக்கிய பாதை நாளைக் காலையில் தெரியாது.

ரப்பர் மரத்திலும் தென்னையிலும் ஆணி அடிக்கவே கூடாது. ஆணிக் காயத்தால் பட்டை முண்டு முண்டாகும், பால் வெட்டுகிற கத்தி அதில் இடறும். அடுத்த வருஷம் விளைக்காரர் வழியை அடைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் கேட்டுக்கொண்டு, பால் வெட்டுகிற பட்டையைத் தொடாமல் துணிப் பட்டை கட்டி, முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். நிலையான குறிக்குக் கான்கிரீட் கல் நடலாம்: 1.5 மீட்டர் நீளக் கல்லில் 45 செ.மீ. மண்ணுக்குள் போகட்டும். மரக்குச்சியைச் செல் தின்னும். முஞ்சிறைப் பக்கம் கடல் காற்றில் இரும்பு ஆங்கிள் சீக்கிரம் துருவேறும். கல்லின் நெற்றியில் லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் பட்டை ஒரு சாண் ஒட்டுங்கள். அது வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பும் என்பதால், டார்ச் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் பளிச்சென்று தெரியும். கூட்டம் கூடும் சந்திகளில் மட்டும் போர்டின் அடிவிளிம்பு 2 மீட்டருக்கு மேல் இருக்கட்டும். நெடுஞ்சாலை ஓரத்திலும் சானல் கரையிலும் எதை நடுவதானாலும் அந்தந்தத் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். மின்கம்பத்தில் கட்டவே வேண்டாம்.

இனி கால் படுகிற இடம். ரப்பர் காய் வெடித்து விழுந்த ஓடு காய்ந்தால் வெறுங்காலைக் கிழிக்கும். இலைக்கு அடியில் கிடப்பதால் கண்ணிலும் படாது. வாரியலால் (துடைப்பத்தால்) இலையைத் தள்ளினால் ஓடு அங்கேயே தங்கிவிடும். பல் உள்ள இரும்பு வாரியால் இரண்டு தடவை இழுத்து, பாதையை விட்டு இரண்டு மீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். பள்ளத்தில் ஜல்லி போடாதீர்கள், செம்மண்ணைப் போட்டு நனைத்து இடியுங்கள். சரிவான பாதையில் தண்ணீர் நடுவே ஓடினால் ஒரே மழைக்காலத்தில் ஓடையாகிவிடும்: குறுக்கே சாய்வாகக் கல் வரிசை பதித்துத் தண்ணீரை ஓரத்துக்குத் திருப்புங்கள். நேர்குறுக்காகப் பதித்தால் மண் தேங்கி, தண்ணீர் கல்லைத் தாண்டி ஓடும்.

ஓடை மேல் கிடக்கும் தென்னந்தடியை மேலே பார்த்து நம்பக்கூடாது, உள்ளேதான் உளுத்துப்போகும். அடிப்பக்கம் கம்பியால் குத்துங்கள்; ஒரு அங்குலம் இறங்கினால் தடியை மாற்றுங்கள். வழுக்காமல் இருக்கக் கம்பி வலை அடித்தால் துருவேறிக் காலைக் கிழிக்கும். கயிறைச் சுற்றிக் கட்டுங்கள்.

சிவராத்திரிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு தடவை, வழி தெரியாத ஒருவரை இருட்டியபிறகு போன் இல்லாமல் நடக்க விடுங்கள். நீங்கள் பின்னால் போங்கள், வாய் திறக்கக்கூடாது. அவர் நின்று யோசிக்கிற ஒவ்வொரு இடத்திலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, மறுநாள் அங்கே குறி வையுங்கள். அதற்குள் யாருடைய கல்யாண பிளெக்ஸாவது நம் அம்பை மறைத்திருக்கும், அதையும் பேசித் தீர்க்க வேண்டும்.

சிவராத்திரி முடிந்த வாரத்திலேயே துணிப் பட்டை, தற்காலிக போர்டு, மோர் பந்தல் டம்ளர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். விட்டால் அடுத்த மழையில் ஓடை மடையில் போய் அடைத்து, தண்ணீர் பாதை மேலேயே ஏறும்.