இன்ஜின் வேலை முடிந்த அம்பாசடர் கிளம்பவில்லையா?

எங்கள் மார்க் 2 அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பிரித்து மாட்டி, முதன்முறை செல்ஃப் அடித்தேன். கார்புரேட்டர் வழியாக வெடித்துத் தீ வந்தது. எட்டிப் பார்த்த மைத்துனருக்குப் புருவம் கருகியது. இரண்டு நாள் கார்புரேட்டரையே கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. பிளக்குகளுக்கு முறைப்படி மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் தண்டை நான்தான் 180 டிகிரி மாற்றி இறக்கியிருந்தேன்.

இந்தத் தப்பைப் பிடிக்க, இன்ஜின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியின் வெட்டுக்குறி மட்டும் போதாது. பிஸ்டன் ஏறி இறங்கும் நான்கு ஸ்ட்ரோக்குக்குள் அது இரண்டு முறை நேர்ப்படும். வால்வுகளுக்கு மேலிருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றுங்கள். ஹேண்டில் போட்டு மெல்லச் சுற்றி, நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளையும் பாருங்கள். ஒன்று மூடி முடிக்க, மற்றது திறக்கத் தொடங்கும் அந்த நொடியில், முதல் சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரஷனின், அதாவது கலவையை அழுத்தும் ஸ்ட்ரோக்கின், உச்சியில் நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் அப்போது முதல் பிளக்கின் வயரை நோக்க வேண்டும். நான்காவதை நோக்கினால் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் மாற்றிச் செருகிப் பாருங்கள், உடனே கிளம்பும். வயர் வரிசை 1-3-4-2, இடஞ்சுழியாக.

மூடி திறந்திருக்கும்போதே டாப்பெட்டையும், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும், பார்த்துவிடலாம். முன்னாலிருந்து எண்ணினால் எட்டு வால்வு. எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவதுக்கு இரண்டாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி 0.015 அங்குலம். இடைவெளி அளக்கும் ஃபீலர் தகடு லேசாக உரசி வர வேண்டும். சத்தத்துக்குப் பயந்து இறுக்கினால் வால்வு கருகிவிடும்.

கிளம்பிய பிறகு நீலப் புகை வந்தால் பதற வேண்டாம், பிஸ்டனைச் சுற்றிய புது ரிங் படியச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜில் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைந்து காட்டினாலும் பெரும்பாலும் அதுதான். ஒன்று மட்டும் குறைந்தால் பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

ஆயில் பிரஷரை மட்டும் கிளம்பிய பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். பிளக்குகள் நான்கையும் கழற்றிவிட்டு, கேஜ் முள் எழும்வரை விட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். முள் அசையாவிட்டால் பம்ப் ஆயிலை இழுக்கவில்லை; அந்த நிலையில் பிளக்கை மாட்டவே மாட்டாதீர்கள்.